முன்வில்லும் பின்வில்லும்

பாரவண்டியில் மூட்டை ஏற்றும் வண்டிக்காரன் முதலில் நோக்குவது மூட்டைகளின் எண்ணிக்கையை அன்று. அச்சுக்கு முன்னே எவ்வளவு நிற்கிறது, பின்னே எவ்வளவு நிற்கிறது என்பதையே. முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிற்றை இறுக்கும். இரண்டும் ஒப்ப நிற்கும்போதே மாடு வருத்தமின்றி நடக்கும். பாடசாலை வாயிலை மிதித்தறியாத வண்டிக்காரனும் திருப்புதிறன் விதியைத் தன் கைப்பழக்கத்தால் நன்கறிந்திருந்தான்.

மாடு போய் மோட்டார் வந்தபின் இவ்வறிவு நம்மிடையே சற்று மங்கிவிட்டது. நான்கு சில்லுகள் உள்ளமையால் பாரம் எங்கே நின்றாலும் வண்டி நிற்கும் என எண்ணுகிறோம். பின்பக்கம் தாழ்ந்தால், “இன்னொரு தகடு சேர்த்துவிடுங்கள்” என்று பட்டறையிற் கூறுகிறோம். தகடு சேர்ந்ததும் பின்பக்கம் உயர்கிறது. நாமும் மனநிறைவோடு வீடு திரும்புகிறோம். ஆயின், அவ்வொரு தகட்டினால் வண்டியின் உயரம் மட்டுமன்றி, முடக்கிலே அது நடந்துகொள்ளும் முறையும் மாறிவிடுகின்றது என்பதை நம்மிற் பலர் சிந்திப்பதில்லை.

இக்கட்டுரையிற் கூறப்புகுவது ஒன்றே. ஒரு வண்டி முடக்கிலே சாரதியின் சொற்கேட்டு நடக்குமா, கேளாது ஓடுமா என்பது, அதன் வில்லுகள் எவ்வளவு விறைப்பானவை என்பதிலும் பார்க்க, முன்வில்லுக்கும் பின்வில்லுக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதையே பெரிதும் பொறுத்துள்ளது. இதனை விளங்கிக்கொள்ளக் கல்லூரியின் பௌதிக வகுப்பிற் கற்ற கல்வியே போதும்.

வில்லின் இயல்பு

ஆங்கிலத்தில் ‘ஸ்பிறிங்’ எனப்படுவதற்கு நம்மவர் வில் எனப் பெயரிட்டமை மிகப் பொருத்தமானது. பழைய வில்லுவண்டியின் அடியிலும் இன்றைய லொறியின் பின்னச்சிலும் காணப்படும் தகட்டு வில், நாணில்லாத வில்லொன்றை மல்லாக்க வைத்தாற்போலத் தோன்றும். பாரத்தை ஏற்றினால் வளைவு குறைந்து நிமிரும். பாரத்தை எடுத்தால் மீண்டும் வளையும். எவ்வளவு விசையோ அவ்வளவுக்கே நீட்சி என்னும் விதியை றொபேட் ஊக் 1678இல் வெளியிட்டார். ஆய்வுகூடத்தில் விற்றராசைத் தொட்ட மாணவர் எவருக்கும் அது பழக்கமானதே. வில்லை ஒரு சென்ரிமீற்றர் அமிழ்த்துதற்கு வேண்டிய பாரமே அதன் விறைப்பு.

தகட்டு வில்லின் விறைப்பை மூன்று அளவைகள் தீர்மானிக்கின்றன. ஒரே அகலமுள்ள தகடுகளை எடுத்துக்கொண்டால், விறைப்பானது தகடுகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமாகவும், தகட்டுத் தடிப்பின் கனத்துக்கு நேர்விகிதமாகவும், வில்லின் நீளத்தின் கனத்துக்கு எதிர்விகிதமாகவும் அமையும். இவற்றுள் நம்மை ஏமாற்றுவது தடிப்பே. 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஐந்து தகடுகளைக் கொண்ட வில்லில் அதே தடிப்பான ஆறாவது தகடொன்றைச் சேர்த்தால் விறைப்பு நூற்றுக்கு 20 கூடும். சேர்க்கப்படும் தகடு லொறியிலிருந்து கழற்றிய 8 மில்லிமீற்றர்த் தகடாயின், அவ்வொன்றே 6 மில்லிமீற்றர்த் தகடுகள் இரண்டேகாலுக்கும் மேலான வலிமையுடையது. அப்பொழுது விறைப்பு நூற்றுக்கு 47 கூடிவிடும். கண்ணுக்கு இரண்டு மில்லிமீற்றர் வேறுபாடே தோன்றும். வண்டிக்கோ அது புதியதொரு வில்.

சுருள்வில்லின் விறைப்பு அதன் சுருள்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதமானது. எட்டுச் சுருளுள்ள வில்லில் இரண்டை வெட்டியெறிந்தால், வண்டி தாழ்வதோடு வில்லின் விறைப்பும் மூன்றிலொரு பங்கு கூடும். வெட்டினால் வில் இளகும் என்று எண்ணுவது பிழை. குட்டையான வில்லே விறைப்பான வில்.

மேட்டிலும் பள்ளத்திலும்

வில்லின் முதற்கடமை வீதியின் மேடுபள்ளங்களை இருப்போர் உணராதவாறு விழுங்குவதாகும். வில்லின்மேல் நிற்கும் பாரம் ஒரு தட்டுப் பெற்றால் மேலுங்கீழும் அலையும். நிமிடத்துக்கு எத்தனை முறை அலையும் என்பதை அறிய எளிய வழியொன்றுண்டு. வண்டியின் நிறையால் வில் எத்தனை சென்ரிமீற்றர் அமிழ்ந்திருக்கிறது எனக் கண்டு, அதன் வர்க்கமூலத்தால் 300ஐ வகுத்தல் வேண்டும். 25 சென்ரிமீற்றர் அமிழ்ந்தால் நிமிடத்துக்கு 60 அலைவு. 16 சென்ரிமீற்றர் அமிழ்ந்தால் 75. 9 சென்ரிமீற்றரே அமிழ்ந்தால் 100. நடைவேகத்தோடு ஒத்த 60, 70 அலைவுகள் உடலுக்கு இதமானவை. 100ஐத் தாண்டினால் வயிறு குலுங்கும்.

முன்னும் பின்னும் ஒரே அளவாக அலைதல்தான் நன்று என்று நாம் முதலில் எண்ணக்கூடும். மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் முன்வில்லே பின்வில்லிலும் விறைப்பாக இருந்தது. அக்காலத்து வண்டிகள் மேட்டைக் கடந்ததும் குதிரையைப் போல முன்னும் பின்னும் துள்ளின. இதனை ஆராய்ந்து வழிகண்டவர் மொறிஸ் ஒலி என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்திற் பணியாற்றியபின் 1930இல் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனத்திற் சேர்ந்த அவர், பாரங்களை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கத்தக்க வண்டியொன்றை 1932இல் அமைத்து, வில்லுகளையும் பாரங்களையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். முன்வில் பின்வில்லிலும் இளகியதாக இருக்கும்போதே வண்டி சமமாகச் செல்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

இதன் காரணம் எளிது. மேட்டினை முதலில் சந்திப்பது முன்சில்லு. சற்றுப் பிந்தியே பின்சில்லு சந்திக்கும். பிந்திப் புறப்பட்டவன் முந்திப் போனவனை எட்டிப் பிடிக்கவேண்டுமாயின் விரைவாக நடத்தல் வேண்டும். முன்பக்கம் நிமிடத்துக்கு 60 முறையும் பின்பக்கம் 67 முறையும் அலையும் வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். இரு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரம் 2.5 மீற்றர், வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். பின்சில்லு 0.18 செக்கன் பிந்தி மேட்டில் ஏறுகிறது. ஆயினும் முன்பக்கம் ஒன்றரை அலைவை முடிக்க 1.5 செக்கன் ஆக, பின்பக்கம் அதேயளவை ஏறத்தாழ 1.52 செக்கனில் முடித்துவிடுகிறது. இரண்டும் ஒன்றாகி, துள்ளல் அடங்கி, வண்டி தட்டையாக மேலெழுந்து தாழ்கிறது. பின்வில் முன்வில்லிலும் இளகியதாயின், பிந்திப் புறப்பட்டதோடு மெல்லவும் நடப்பதால் அஃது ஒருபோதும் எட்டிப் பிடிப்பதில்லை.

ஒலியின் முயற்சியின் பயனாக, முன்சில்லுகள் இரண்டும் தனித்தனியே அசையும் அமைப்போடு கூடிய கடிலாக், பியூக் முதலிய கார்கள் 1934ஆம் ஆண்டுக்கென வெளிவந்தன. இளகிய முன்வில்லை இடையூறின்றி அமைக்க அதுவே வழிசெய்தது.

முடக்கிலே நிகழ்வது

நேர்வீதியில் இவ்வாறு. முடக்கிலோ விடயம் வேறு. திரும்புகின்ற வண்டி வெளிப்பக்கமாகச் சாய்கின்றது. உட்சில்லுகளிலிருந்து பாரம் வெளிச்சில்லுகளுக்கு மாறுகின்றது. இவ்விடத்தில் மனத்திற் பதிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. மாறுகின்ற பாரத்தின் மொத்த அளவை வில்லுகள் தீர்மானிப்பதில்லை. வண்டியின் நிறை, புவியீர்ப்பு மையத்தின் உயரம், சில்லுகளுக்கிடையிலான அகலம், முடக்கின் வளைவு, வேகம் ஆகியவையே அதனைத் தீர்மானிக்கும். விறைப்பான வில்லைப் பூட்டினால் வண்டி குறைவாகச் சாயும், பாரமாற்றம் குறையாது. வில்லுகள் செய்வதெல்லாம் அப்பாரமாற்றத்தை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பங்கிடுதலே.

கனத்த மரமொன்றை இருவர் தோளிற் சுமக்கும்போது, ஒருவன் தோள் தளர்ந்து கொடுத்தால் மற்றவன் விறைத்து நின்று கூடிய பங்கைச் சுமக்க நேரும். அதுபோன்றே சாய்வை விறைப்பாக எதிர்க்கும் அச்சே கூடிய பங்கை ஏற்கும்.

கணக்கொன்று காண்போம். வண்டியின் நிறை 1200 கிலோகிராம். ஒவ்வொரு சில்லிலும் 300. புவியீர்ப்பு மையத்தின் உயரம் 60 சென்ரிமீற்றர். சில்லுகளின் இடையகலம் 120 சென்ரிமீற்றர். 30 மீற்றர் ஆரையுள்ள முடக்கொன்றில் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பினால், நிறையின் பத்தில் நான்கு பங்கான விசை பக்கவாட்டில் தாக்கும். அப்பொழுது மாறும் பாரம் 240 கிலோகிராம். இரு அச்சுகளும் ஒத்த விறைப்பினவாயின் ஒவ்வொன்றிலும் 120 மாறும். வெளிச்சில்லில் 420, உட்சில்லில் 180 நிற்கும். முன்பக்கம் பின்பக்கத்திலும் இருமடங்கு விறைப்பாயின் முன்னச்சில் 160உம் பின்னச்சில் 80உம் மாறும். முன்னே வெளிச்சில்லில் 460, உட்சில்லில் 140. பின்னே வெளிச்சில்லில் 380, உட்சில்லில் 220.

மொத்தப் பாரம் அதே 600 ஆக இருக்கையில் இதனால் என்ன கேடு என வினவலாம். உராய்வு அழுத்தத்துக்கு நேர்விகிதமானது என்று பாடசாலையிற் கற்றோம்; அதன்படி கேடு யாதுமில்லை. ஆனால் இறப்பர் அவ்விதியை முற்றாக மதிப்பதில்லை. பாரம் இருமடங்கானால் ரயரின் பக்கப்பிடிப்பு இருமடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடும். எடுத்துக்காட்டாக, 300 கிலோகிராம் பாரத்தில் 195 பிடிப்புத் தரும் ரயரொன்று 460 பாரத்தில் 262 பிடிப்பே தரும் எனவும், 140 பாரத்தில் 102 தரும் எனவும் கொள்வோம். சமபாரத்தில் சோடியின் பிடிப்பு 390 ஆக இருந்தது; இப்பொழுது முன்சோடியின் பிடிப்பு 364 ஆகக் குறைந்துவிட்டது. பின்சோடியில் 380உம் 220உம் நிற்பதால் அங்கே 232உம் 152உமாக 384 எஞ்சுகிறது. வெளிச்சில்லு பெற்றதிலும் உட்சில்லு இழந்ததே அதிகம். ஆகவே எந்த அச்சில் பாரமாற்றம் மிகுதியோ அந்த அச்சே முதலில் பிடிப்பிழக்கும்.

முன்பக்கம் விறைப்பான வண்டியில் முன்சில்லுகள் முதலில் வழுக்கும். சாரதி திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாது வெளிப்பக்கமாக அகலும். இதனைக் குறைதிருப்பம் என்போம். பின்பக்கம் விறைப்பான வண்டியில் பின்சில்லுகள் முதலில் வழுக்கும். வால் வெளியே வீச, சாரதி வேண்டியதிலும் கூடுதலாக வண்டி உள்ளே திரும்பும். இது மிகைதிருப்பம்.

இவற்றுள் முன்னையது பொறுத்துக்கொள்ளத்தக்க குறை. அச்சமுற்ற சாரதி இயல்பாகச் செய்யும் இரு செயல்களான வேகத்தைக் குறைத்தலும், சுக்கானை இன்னுஞ் சற்றுத் திருப்புதலும் பெரும்பாலும் வண்டியை வழிக்குக் கொண்டுவரும். பின்னையது அவ்வாறன்று. வால் வீசத் தொடங்கியதும் பயந்து பிறேக்கை மிதித்தால், பாரம் முன்னே சரிந்து பின்சில்லுகள் மேலும் இலேசாகி, வண்டி சுழன்றுவிடும். பயிற்சியுள்ளவன் சுக்கானை எதிர்ப்புறம் திருப்பி மீட்பான், ஏனையோருக்கு அவகாசமில்லை. அதனாலேயே பொதுமக்களுக்கென வண்டி அமைப்போர் யாவரும் சிறிதளவு குறைதிருப்பத்தை வேண்டுமென்றே வைத்து அமைக்கின்றனர்.

முரண்பாடு தீர்ந்த வகை

இனி, கூரிய மாணவன் ஒரு தடையை எழுப்புவான். மேடுபள்ளத்துக்கு முன்வில் இளகியதாக இருத்தல் வேண்டும் என்றீர். முடக்கிலோ முன்பக்கம் விறைப்பாக இருத்தல் நன்று என்றீர். இரண்டும் எங்ஙனம் ஒருங்கு பொருந்தும்?

இதற்கு விடைகள் இரண்டு. முதலாவது, வில்லுகள் நிற்கும் இடம். முன்சில்லுகள் தனித்தனியே அசையும் வண்டியில் வில்லின் எதிர்ப்பு சில்லு நிற்கும் அகலம் முழுவதிலும் நின்று சாய்வைத் தடுக்கும். பின்னே ஒரே அச்சின்மேல் இரு தகட்டு வில்லுகள் சில்லுகளுக்கு உட்புறமாக நெருங்கி நிற்கின்றன. சாய்வுக்கெதிரான விறைப்பு இவ்விடைவெளியின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. சில்லுகளின் அகலம் 1.25 மீற்றராகவும் வில்லுகளின் இடைவெளி 1 மீற்றராகவும் இருப்பின், அவ்வில்லுகள் சாய்வை எதிர்ப்பதில் நூற்றுக்கு 64 பங்கே பயன்படும். ஆகவே மேடுபள்ளத்துக்கு விறைப்பான பின்வில் முடக்கிலே அவ்வளவு விறைப்புக் காட்டுவதில்லை.

இரண்டாவது, பட்டறைகளில் ‘ஸ்ரபிலைசர்’ எனப்படும் முறுக்குக் கம்பி. இடது சில்லையும் வலது சில்லையும் இணைத்துக் குறுக்கே செல்லும் இக்கம்பி, இரு சில்லுகளும் ஒன்றாக ஏறி இறங்கும்போது சும்மா சுழலும். ஒன்று ஏற மற்றது இறங்கினாலோ முறுகி எதிர்க்கும். மேட்டில் இளகியும் முடக்கில் விறைத்தும் நிற்கும் இதனை முன்னச்சில் பூட்டினால் இரு வேண்டுகோள்களும் நிறைவேறும்.

நம் ஊர் வீதிகளில் நாம் நன்கறிந்த கார்கள் இவ்வறிவின் விளைவுகளே. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அக்காரின் முன்னே சுருள்வில்லும் இல்லை, தகட்டு வில்லும் இல்லை. வண்டியின் நீளப்பாட்டில் கிடக்கும் உருக்குக் கம்பிகள் முறுகி வில்லின் தொழிலைச் செய்கின்றன. பின்னே தகட்டு வில்லுகள். எஞ்சின் நன்றாக முன்னே வைக்கப்பட்டது. உற்பத்தி தொடங்குமுன் அவர் மாதிரி வண்டியை நடுவே நீளப்பாட்டில் வெட்டி நான்கு அங்குலம் அகட்டியது யாவரும் அறிந்த கதை. அகலம் கூடினால் பாரமாற்றம் குறையும் என்பதை மேற்கண்ட கணக்கே காட்டும். 1947இல் வந்த ஒஸ்ரின் ஏ-40 டெவனும், 1952இல் வந்த சோமசெற்றும், அதன்பின் வந்த கேம்பிரிட்ஜும் முன்னே சுருள்வில்லும் பின்னே தகட்டு வில்லும் உடையவை. 1961இல் வந்த ஏ-60 கேம்பிரிட்ஜில் அச்சுகளுக்கிடையிலான நீளமும் சில்லுகளின் இடையகலமும் கூட்டப்பட்டன.

கோர்வெயர் தந்த பாடம்

முன்பின் உறவைப் புறக்கணித்தால் நிகழ்வது யாது என்பதற்கு உலகறிந்த சான்று அமெரிக்காவின் செவ்ரோலெற் கோர்வெயர். 1960ஆம் ஆண்டுக்கென வெளிவந்த இக்காரின் எஞ்சின் பின்னே இருந்தது. பின்பாரம் மிகுந்த அவ்வண்டிக்கு முன்பக்க முறுக்குக் கம்பி வேண்டியிருந்தும், தொடக்கத்தில் அது பூட்டப்படவில்லை. அதற்குப் பதிலாக ரயரின் காற்றழுத்தத்தில் நம்பிக்கை வைத்தனர்: முன்னே சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல், பின்னே 26 இறாத்தல். இவ்வேறுபாட்டை அறியாது நான்கு ரயருக்கும் ஒரேயளவு காற்றடித்தவர்களின் கையில் வண்டியின் குணம் மாறியது. 1964ஆம் ஆண்டு வண்டியில் முன்பக்கக் கம்பி சேர்க்கப்பட்டு, பின்னேயும் குறுக்கான தகட்டு வில்லொன்று அமைக்கப்பட்டது. 1965இல் றால்ஃப் நாடர் எழுதிய நூல் இக்காரை நாடறியச் செய்தது. 1972இல் வெளிவந்த அமெரிக்க அரசாங்கத்தின் ஆய்வறிக்கை, முற்பட்ட கோர்வெயரும் அக்காலத்து ஏனைய கார்களிலும் மோசமானதன்று என முடிவு கூறியது. வழக்கு எவ்வாறாயினும் நமக்கான பாடம் மாறாது: வண்டியின் சமநிலை ஒரு சிறு கம்பியிலும் சில இறாத்தல் காற்றிலும் தங்கியிருக்கக்கூடும்.

குடாநாட்டின் வண்டிகள்

இனி நம் குடாநாட்டுக்கு வருவோம். நம் நிலம் தட்டையானது. மலைவீதியின் வளைவுகள் இங்கில்லை. ஆயினும் வேலிகளுக்கிடையே ஒடுங்கிச் செல்லும் ஒழுங்கைகளும், அவை வீதியைச் சந்திக்குமிடத்துச் செங்கோண முடக்குகளும் எண்ணிறந்தன. வல்லைவெளியிலும் பண்ணைத் தாம்போதியிலும் தடையின்றி வீசும் காற்று உயர்ந்த வண்டிகளைப் பக்கவாட்டில் தள்ளும். மாரிமழையில் நனைந்த வீதி, வெயிற்கால வீதியின் பிடிப்பைத் தருவதில்லை.

பின்பாரத்தின் இலக்கணத்துக்கு நம் தட்டிவானிலும் சிறந்த உதாரணம் வேறில்லை. மரக்கூடும், திறந்த பக்கங்களும், பின்னே சங்கிலியில் தொங்கும் தட்டியும் கொண்ட அவ்வண்டியில் ஆட்கள் உள்ளேயும், வாழைக்குலைகளும் மூட்டைகளும் தட்டியின்மேலும் சந்தைக்குச் சென்றன. தட்டி பின்னச்சுக்கும் பின்னே நிற்பது. அச்சுகளுக்கிடையே 2.5 மீற்றர் இருக்க, பின்னச்சுக்கு 1 மீற்றர் பின்னே 200 கிலோகிராம் ஏற்றினால், பின்னச்சின் பாரம் 280 கூடும்; முன்னச்சின் பாரம் 80 குறையும். ஏற்றியது 200, பின்வில் சுமந்தது 280. தட்டிவானின் சாரதிகள் இதனை அறிந்தே மெல்ல ஓட்டினர். அவர்கள் வேகமே அவர்கள் காப்பு.

1990ஆம் ஆண்டுக்குப் பின், பொருட்தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், நம் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் சிறிதளவு பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியதை எவரும் மறக்கமாட்டார். நால்வருக்கென அமைந்த கார் பத்துப்பேரையும், மேலே மூட்டை முடிச்சுகளையும் சுமந்தது. உதிரிப்பாகம் வராத நாளில் பட்டறைத் தொழிலாளர் கைக்கெட்டிய தகடுகளைக் கொண்டே பின்வில்லைத் தாங்கி நிறுத்தினர். நோயாளியையும் கர்ப்பிணியையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்ற வண்டிகள் அவை. அத்தொழிலாளர்க்கு நாம் கடமைப்பட்டவர்கள். அன்று வீதிகள் குண்டுங் குழியுமாகக் கிடந்தன. வேகமாக ஓட இயலாது. ஆகவே விறைத்த பின்வில்லின் தீமை வெளிப்படவில்லை.

இன்று நிலைமை வேறு. போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின் கண்டி வீதியும் ஏனைய பெருவீதிகளும் காப்பெற் வீதிகளாயின. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. வேகம் கூடியது, பின்னே தகடு சேர்க்கும் பழக்கமோ அக்காலத்ததாகவே நிற்கின்றது. தகடு சேர்த்த வண்டி பாரத்தோடு செல்லும்போது ஓரளவு நிதானமாகவே நிற்கும். பாரத்தை இறக்கிவிட்டு மழையில் வெறுமையாகத் திரும்பும்போதே ஆபத்து நேர்கின்றது. பின்னச்சில் பாரமில்லை, வில்லோ இரும்புத்தூணாக விறைத்து நிற்கின்றது. முடக்கிலே உட்பக்கப் பின்சில்லு நிலத்தை அரைகுறையாகத் தொட, வால் வீசுகின்றது.

அவ்வாறாயின் தகடு சேர்க்காமலே மிகைபாரம் ஏற்றலாமோ எனின், அதுவும் தீது. அளவுமிஞ்சி அமிழ்ந்த வில் இறப்பர்த் தடையில் முட்டும். முட்டிய அக்கணமே அதன் விறைப்புப் பன்மடங்காகிறது. முடக்கின் நடுவே வெளிப்பக்கப் பின்வில் முட்டினால், அதுவரை பணிந்து வந்த வண்டி திடீரென மிகைதிருப்பங் கொள்ளும். ஆகவே குறை தகட்டில் இல்லை. பாரத்தின் அளவிலும் அது நிற்கும் இடத்திலுமே உள்ளது.

முச்சக்கர வண்டியும் தாழ்த்திய காரும்

நாள்தோறும் நாம் ஏறும் முச்சக்கர வண்டியையும் இவ்விதி விட்டுவைப்பதில்லை. முன்னே ஒரே சில்லு இருப்பதால் அவ்வச்சில் இடம்வலமாகப் பாரம் மாற வழியில்லை. சாய்வு முழுவதையும் பின்சில்லுகள் இரண்டுமே எதிர்க்கவேண்டும். அதன்மேலும், வண்டி ஒடுங்கியது, உயர்ந்தது. வேகமாகத் திரும்புகையில் அது வழுக்குமுன் உட்பக்கச் சில்லைத் தூக்கிவிடும். வில்லை மாற்றி இதனைத் திருத்த முடியாது. வேகத்தைக் குறைத்தலே வழி.

இளைஞர் சிலர் அழகு கருதிச் சுருள்வில்லை வெட்டிக் காரைத் தாழ்த்துகின்றனர். நான்கையும் ஒரே விகிதத்தில் வெட்டினாலும் கேடுண்டு. அமிழ இடமின்றி வில் விரைவில் தடையில் முட்டும். பின்னே மட்டும் வெட்டுவோர், பின்பக்க விறைப்பைக் கூட்டி மிகைதிருப்பத்தை விலைகொடுத்து வாங்குகின்றனர்.

செய்யத்தக்கவை

சாரதிகளுக்கும் வண்டியுடையோருக்கும் நாம் கூறத்தக்கவை சில. பாரமான பொருள்களை இரு அச்சுகளுக்கும் இடையே, இயன்றவரை தாழ்வாக வையுங்கள்; கூரைமேல் ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் புவியீர்ப்பு மையத்தை உயர்த்தும். பின்வில் தளர்ந்திருந்தால் தடித்த தகடு சேர்ப்பதை விட்டு, அதே தடிப்பும் எண்ணிக்கையுமுள்ள புதிய தகடுகளை இடச்செய்யுங்கள். முன்பக்க முறுக்குக் கம்பியின் இணைப்புகள் தேய்ந்து சத்தமிட்டால், கம்பியைக் கழற்றியெறிந்து சத்தத்தை அடக்காதீர்கள். கழற்றினால் சத்தத்தோடு சமநிலையும் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் உற்பத்தியாளர் குறித்த காற்றழுத்தத்தை வெவ்வேறாகவே பேணுங்கள். ரயரும் ஒரு வில்லே என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நல்ல ரயர்கள் இரண்டே உள்ளனவாயின் அவற்றைப் பின்னே பூட்டுங்கள். முன்னே வழுக்குவதிலும் பின்னே வழுக்குவதே கொடிது.

மாணவர்களுக்கும் ஒரு வேலையுண்டு. வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியில் நான்கு சில்லுகளுக்கும் மேலே, மட்காட்டின் விளிம்புக்கும் நிலத்துக்கும் இடையிலான உயரத்தை அடிமட்டத்தால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னிருக்கையில் நிறை தெரிந்த மூவரை இருத்தி மீண்டும் அளவுங்கள். பிறகு அவர்களை முன்னிருக்கைப் பக்கமாக மாற்றி அளவுங்கள். முன்வில், பின்வில் இரண்டினதும் விறைப்பை நீங்களே ஒருவாறு கணித்துவிடலாம். உங்கள் தந்தையார் தகடு சேர்க்கப் பட்டறைக்குப் புறப்படும்போது அவ்வெண்களை அவர் கையிற் கொடுங்கள். ஆய்வுகூடத்திற் கற்ற விதி ஓர் உயிரைக் காக்குமாயின், கல்லூரி தந்த கல்விக்கு அதனிலும் சிறந்த கைம்மாறு இல்லை.